பஞ்சு சொன்ன யோசனை

ரயில் நிலையத்தில் தொழில் தெரிந்தவர்கள் அவனைப் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் விரல் பட்டால் பட்டதே தெரியாது. எத்தனையோ பேருடைய பர்ஸ் அவன் புண்ணியத்தில் இடம் மாறியிருக்கிறது. ஒரு தடவைகூட அவன் கையும் களவுமாக மாட்டியதில்லை.

மாட்டவும் கூடாது. வீட்டில் அப்படி ஒரு நிபந்தனை இருந்தது. அவன் மனைவியின் தம்பிக்கும் இதே தொழில்தான், ஆனால் கை சுத்தம் போதாது. வெளியே இருந்ததைவிட உள்ளே இருந்ததுதான் அதிகம். தம்பியைப் பார்க்க ஜெயில் வாசலில் நின்று நின்று அவளுக்கு அலுத்துவிட்டது.

"தம்பிக்காக நின்னது போதும். புருஷனுக்காகவும் அங்க போய் நிக்க என்னால முடியாது. நீங்க ஒரே ஒரு தடவை மாட்டினாலும் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிற ரகம்.

அதனால் பஞ்சு நிதானமாகத்தான் தொழில் பார்த்தான். ஆனால் இப்போதெல்லாம் ஜனங்கள் மாறிவிட்டார்கள். பாதிப் பேர் பணத்தை போனில் வைத்திருக்கிறார்கள். மீதிப் பேர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கே சட்டென்று நினைவு வராது. தடவித் தேடப் போனால் மாட்ட வேண்டியதுதான். மச்சினன் மாட்டியதெல்லாம் அப்படித்தான்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு பேராசிரியை தன் மாணவர்களோடு நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். நகரத்தில் குற்றம் எங்கே நடக்கிறது, ஏன் நடக்கிறது, எப்படிக் குறைக்கலாம் என்று ஆராய்ச்சி. மாடிப்படிக்கு அடியில் வெளிச்சம் எவ்வளவு விழுகிறது என்று பார்த்தார்கள். எந்தத் தூணுக்குப் பின்னால் நின்றால் ஆள் தெரியாது என்று நின்று பார்த்தார்கள். அது பஞ்சுவின் தூண்தான்.

பிறகு பயணிகள், கடைக்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள் என்று ஒருவர் விடாமல் கருத்துக் கேட்டார்கள். ஒரு நாள் பேராசிரியையே பஞ்சுவின் முன்னால் வந்து நின்று, இங்கே திருட்டைக் குறைக்க என்ன செய்யலாம் சார் என்று கேட்டார்.

பஞ்சுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் அந்த 'சார்' அவன் மனதைக் குளிர வைத்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"டிக்கெட் வரிசைக்கு மேல பெருசா ஒரு பலகை வைங்க மேடம். 'பிக்பாக்கெட் ஜாக்கிரதை'ன்னு சிவப்புல எழுதுங்க. ஜனங்க உஷாராயிடுவாங்க."

பேராசிரியை அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். "நல்ல யோசனை சார். கண்டிப்பா வைக்கிறோம்" என்றார்.

அன்று வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அந்த மாதிரிப் பலகையைப் படிக்கிறவன் முதலில் என்ன செய்வான்? பணம் பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பான். இவன் தேடவே வேண்டாம். பணம் இருக்கிற இடத்தை உடையவனே காட்டிக் கொடுத்துவிடுவான்.

"படிச்சவங்க அவ்வளவு லேசா ஏமாறுவாங்களா?" என்றாள் அவள்.

"படிச்சவங்கதான் லேசா ஏமாறுவாங்க. நாம எது சொன்னாலும் எழுதிக்கிறாங்களே."

அடுத்த வாரமே பலகை வந்துவிட்டது. சிவப்பு எழுத்து, அதற்குத் தனியாக விளக்கு வேறு. பஞ்சுவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை. தூணில் சாய்ந்துகொண்டு கூட்டத்தைக் கவனித்தான்.

அவன் கணக்கு தப்பவில்லை. ஒருவர் அண்ணாந்து படித்துவிட்டுப் பின்பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தார். ஒரு பெண் கைப்பையின் பக்கவாட்டு ஜிப்பைத் தடவினாள். ஒரு பெரியவர் சிரமப்பட்டுக் குனிந்து காலுறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காலுறையெல்லாம் நமக்கு வேண்டாம் என்று பஞ்சு பெரிய மனதோடு விட்டுவிட்டான்.

அப்புறம் தொளதொள கோட்டு போட்ட ஒரு தடித்த மனிதர் வந்தார். பலகையை உதடு அசைத்துப் படித்தார். பதறிப்போய்க் கோட்டின் உள்பாக்கெட்டை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். பஞ்சு வரிசையில் அவருக்குப் பின்னால் போய் நின்றான். கூட்டம் நெருக்கியபோது இரண்டு விரல் உள்ளே போனது. பர்ஸ் பாதி வெளியே வந்தது.

அவன் மணிக்கட்டை இரும்புப் பிடியாக ஒரு கை பிடித்தது.

"மெதுவாப்பா, கோட்டு வாடகைக்கு எடுத்தது" என்றார் அந்த மனிதர். அவர் போலீஸ்.

நிலையத்துக் காவல் அறைக்குக் கூட்டிப் போனபோது பேராசிரியையும் அங்கே உட்கார்ந்திருந்தார். மனைவி பெட்டியில் துணி அடுக்குவது பஞ்சுவின் கண் முன்னால் வந்து நின்றது. அழுகை முட்டியது. கூடவே இன்னொரு கவலையும் வந்தது. இவன் உள்ளே போகிற நேரம் மச்சினன் வெளியே வருகிற நேரம். தான் கஷ்டப்பட்டு வாங்கிக் கொடுத்த பலகையின் பலனை அந்தத் தண்டச்சோறு அனுபவிப்பதா?

"மேடம், நான் மாட்டினது மாட்டிட்டேன். ஆனா உங்க ஆராய்ச்சி தப்பு. அந்தப் பலகையைப் படிச்சதும் எல்லாரும் பணம் இருக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டுறாங்க. முதல்ல அதைக் கழட்டுங்க."

"தெரியும் சார். எங்க படிப்புல அது பால பாடம். இன்னைக்கே கழட்டிடுவோம்."

"தெரிஞ்சேவா வெச்சீங்க?"

பேராசிரியை அவனைக் கொஞ்சம் பரிதாபமாகவே பார்த்தார்.

"நாங்க கேட்ட அத்தனை பேரும் விளக்கு வேணும், காவலுக்கு ஆள் வேணும்னுதான் சொன்னாங்க. பலகை வேணும்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான் சார்."