காடியான வருஷம்

படிக்கும் பெருமக்களே, சற்று நில்லுங்கள். இங்கே சாட்சிக்கு ஆள் தேவைப்படுகிறது. இதோ, ஆறு பேர் தோளில் ஒரு சவப்பெட்டி. சிறிது நேரம் இறக்கி வைக்க ஆறடி மண் கேட்கிறது. மறுக்கிறார், இறந்தவளைக் கைப்பிடித்தவர்.

"இங்க எறக்காதீங்க. நேரா கல்லறைக்கு நடங்க," என்றார் கஸ்பார் ஒபினே. அவருடைய முதுகு நிலவறைக் கதவை அடைத்துக்கொண்டு நின்றது.

பர்கண்டிச் சரிவில் தலைமுறை தலைமுறையாக ஒயின் செய்யும் குடும்பம் அது. அந்த வீட்டில் யார் இறந்தாலும் பெட்டியை நிலவறை வாசலில் இறக்கி வைப்பார்கள். வீட்டுத் தலைவர் ஒரு கிண்ணம் ஒயினை வாசற்படியில் ஊற்றி விடைகொடுப்பார். தோட்டம் உழுத குதிரைக்காரனுக்குக்கூடக் கிடைத்த மரியாதை, கஸ்பாரின் மனைவி மார்த்துக்கு மட்டும் இல்லை.

பெட்டியின் பின்னால் மகள் லியோனி நின்றாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தாய் அந்த வாசலை மிதித்ததில்லை. பழம் பறித்தவள் மார்த், பீப்பாய் கழுவியவள் மார்த், குப்பிகளில் ஒபினே என்ற பெயரை ஒட்டியவளும் மார்த்தான். ஆனால் அத்தனையும் வெளியே, வெயிலிலும் மழையிலும். ஒயின் பதக்கம் வாங்கினால் ஆணின் கைத்திறன். புளித்துப் போனால் பெண்ணின் கால்தூசி! இதுவே அந்த வீட்டின் நீதி.

ஏனம்மா என்று கேட்ட போதெல்லாம் மார்த் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "பழி என்னோடவே இருக்கட்டும்டி. வேற ஒரு உசுரு மேல போக வேண்டாம்."

முன்வரிசையில் தோள் கொடுத்திருந்த ஓகுஸ்த், மார்த்தின் தம்பி, பொறுமையிழந்தார். "அத்தான், அக்கா கனமே இல்ல. ஒரு நிமிஷம் வெச்சா என்ன கொறஞ்சிடும்? நாளைக்கு உங்க பெட்டியையும் நாங்கதான் தூக்கணும். குடிச்ச ஒயினோட சேர்த்து."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றினார்கள்.

"உள்ள புது ஒயின் நொதிச்சுக் கொதிச்சுக்கிட்டு இருக்கு, ஓகுஸ்த். ஒரு தடவ பட்டது போதும். அந்தக் கால் இந்த வாசலுக்கு ஆகாது."

"அவ கால் இனிமே எங்கயும் நடக்காது அத்தான்," என்றார் ஓகுஸ்த். "அங்க மேட்டுல, லியோனிக்கு முன்னால தங்காமப் போன ரெண்டு பிஞ்சுங்க பக்கத்துலதான் படுக்கப் போறா. போற வழியில இவ்வளவு கூடவா கெடையாது?"

லியோனி முன்னால் வந்தாள். "அம்மா அப்படி என்னதாம்ப்பா செஞ்சாங்க? நான் பொறக்கறதுக்கு முன்னால ஏதோ நடந்துச்சுன்னு மட்டுந்தான் சொல்லியிருக்கீங்க. இன்னைக்காவது வாயத் திறங்க."

கஸ்பார் தொப்பியைக் கழற்றினார். ஆண்டாண்டாய் அடைத்து வைத்தது அன்றுதான் பொங்கியது.

"சொல்றேன், கேட்டுக்கோ. அதுவும் இதே அக்டோபர். இதே மாதிரி தொட்டியில சாறு கொதிக்குது. உங்க தாத்தா விளக்க எடுத்துக்கிட்டு உள்ள போறார். இவ வயித்தப் பிடிச்சுக்கிட்டு, மூஞ்சி வெளுத்து, செவத்தோரமா உட்கார்ந்திருக்கா. தூரமா இருக்கறவ உள்ள போனா ஒயின் திரிஞ்சிடும்னு தெரியாதவளா? 'தீட்டோடவா வந்தே?'ன்னு தாத்தா கேட்டார். இல்லன்னு ஒரு வார்த்த சொல்லல. குனிஞ்ச தலை நிமிரல. மாசம் முடியறதுக்குள்ள அத்தனை தொட்டியும் காடி."

பெட்டியைச் சுமந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். கஸ்பார் தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஊரே எங்கள காடிக்கார வீடுன்னு கூப்பிட்டுச்சு. பட்ட காலிலே படும்பாங்க. அடுத்த மே மாசம் பனி விழுந்து துளிரெல்லாம் கருகிப் போச்சு. கொடிங்களுக்கு நடுவுல நெருப்பு மூட்டிக்கிட்டு நின்னப்பதான், நீ பொறந்துட்டேன்னு வந்து சொன்னாங்க. ஓடி வந்து பார்த்தேன். நெறமாசத்துப் பிள்ளை, குட்டிப் பீப்பாய் மாதிரி கொழுகொழுன்னு கெடந்தே." அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "அந்த வருஷம் எங்களுக்கு வெளைஞ்சது நீ ஒருத்திதான் தாயி."

கறுப்புக் கையுறைக்குள் லியோனியின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கடைசி விரல் மடங்கியபோது அவள் முகத்திலிருந்த இரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. பழியைத் தன் மேல் போர்த்துக்கொண்டு, அதற்குள் எதை மறைத்து வைத்தாள் அந்தத் தாய்?

பெருமக்களே, உங்கள் கைகளிலும் விரல்கள் இருக்கின்றன. எண்ணுங்கள், ஒருத்தியை வாசலுக்கு வெளியே நிறுத்துவதற்கு முன்னால், உங்கள் வீட்டிலும் எண்ணுங்கள்.

"என்னம்மா எண்ணுறே?" என்றார் கஸ்பார்.

"மே மாசத்துலேர்ந்து ஒம்பது மாசம் பின்னோக்கி எண்ணுறேம்ப்பா. அம்மா அன்னைக்குத் தூரமா இல்ல, அவங்க வயித்துல நான் இருந்தேன், கதவத் திறங்க."