அரபியில் அழ வேண்டும்

அழுகை தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

மதியம் சாப்பிட உட்கார்ந்த கணவன், மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன்தான். இப்போது ஆண்கள் அவனைக் குளிப்பாட்டத் தூக்கிப் போயிருந்தார்கள்.

அறை நிறையத் தெருப் பெண்கள். எல்லோரும் அரபிகள். அவளையும் அரபி என்றே நினைத்திருப்பவர்கள்.

பாக்தாதில் இந்தத் தெருவுக்குக் குடிவந்து எட்டு மாதம். வாசலுக்கு வெளியே இதுவரை ஒரு வார்த்தை பிசகவில்லை.

வீட்டுக்குள் பேசியது தெற்குக் குர்தி. வடக்கு மலையில் இருக்கும் குர்துகளுக்கே பாதி புரியாத பேச்சு.

இந்த நகரத்தில் அது ஒருவன் காதில் விழுந்தால் போதும். அரசாங்க லாரி வந்து நிற்கும்.

கொழுந்தன் வீட்டுக்கு அப்படித்தான் வந்தது. இவர்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அடுப்பில் தேநீர் வற்றிக் கருகியிருந்தது. ஆட்களை எல்லைக்கு அப்பால் இறக்கிவிட்டிருந்தார்கள்.

மடியில் கிடந்த மகள் சப்ரியாவின் முதுகைத் தடவினாள். ஐந்து வயது.

"ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை பார். எப்போது போவான் என்று காத்திருந்தாளோ!"

சொன்னவள் எதிர்வீட்டுக் கைஸின் அம்மா. அவள் தம்பிக்கு ஆளுங்கட்சி அலுவலகத்தில் வேலை.

அழாமலிருந்தாலும் சந்தேகம்.

அரபியில் அழ வேண்டும். அவ்வளவுதானே. காய்கறிக்காரனிடம் பேரம் பேச வருகிற அரபிதானே.

வாயைத் திறந்தாள்.

வந்தது மூர்.

அவள் ஊர்ப் பெண்களின் ஒப்பாரி. செத்தவனைப் பேர் சொல்லி, அவன் ஏறிய குதிரையை, அவன் பிறந்த மலையைக் கூவி அழைப்பது. நகரப் பேருந்து ஓட்டியவனுக்குக் குதிரை ஏது? ஆனாலும் கூவினாள்.

தன் குரல் தன் காதிலேயே விழுந்த பிறகுதான் உறைத்தது.

வாயைப் பொத்திக்கொண்டாள்.

கைஸின் அம்மா எழுந்தாள். வாசலை நோக்கி நடந்தாள்.

இவள் மகளை நெஞ்சோடு இறுக்கினாள்.

கதவு சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.

அலமாரியில் இருந்த வானொலியைக் கைஸின் அம்மா திருகினாள். இழவு வீட்டில் அணிவகுப்புப் பாட்டு, தெருமுனைவரை கேட்கும்படி.

ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எவளும் அசையவில்லை.

பிறகு வந்து, முழங்கால் உரச, இவளருகே உட்கார்ந்தாள்.

"ம்… விட்ட இடத்திலிருந்து."