வெள்ளிக் கிண்ணம்

ஊரின் இரண்டு கிறிஸ்தவ சபைகளையும் ஒன்றாக்கிப் புதிய பெயர்ப்பலகையும் மாட்டியாகிவிட்டது. ஆராதனையில் திராட்சரசம் பருகும் திருவிருந்துக் கிண்ணத்தில்தான் இழுபறி. ஒரு சபையார் எல்லாரும் ஒரே வெள்ளிக் கிண்ணத்தில் குடித்துப் பழகியவர்கள். மற்ற சபையில் ஆளுக்கொரு சின்னக் கிண்ணம்.

சின்னக் கிண்ணம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார் அந்தச் சபையின் தையல்காரர்.

"நம்ம எச்சில் அவருக்கு ஆகாதாம் பாஸ்டர்! இதுக்கா ஒண்ணு சேர்ந்தோம்?" என்று வெள்ளிக் கிண்ணத்துக்காரர்கள் கொதித்தார்கள்.

அந்தக் கிண்ணத்திலேயே குடித்து வளர்ந்த பாஸ்டருக்கும் மனம் கசந்தது. நேரே தையல்கடைக்குப் போனார்.

"அண்ணே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. நாங்க வாய் வெச்ச கிண்ணம் உங்களுக்கு அருவருப்பா?"

தையல்காரர் மெஷினை நிறுத்தினார். வாசலில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"எச்சிலெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்ல பாஸ்டர். எங்க சின்னக் கிண்ணத்துல வெறும் திராட்சை ஜூஸ். உங்க கிண்ணத்துல நிஜ ஒயின்." குரல் இறங்கியது. "என் பொண்ணு பொறந்த அன்னிக்குக் குடியை விட்டவன் நான். ஒரே ஒரு வாய் உள்ள போனாப் போதும், கோயில்ல இருந்து நேரா எங்க போய் நிப்பேன்னு என் பெண்டாட்டிக்குத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வெள்ளிக் கிண்ணத்தில் ஜூஸை ஊற்றினார். "இனிமே இதுதான்" என்றார். முணுமுணுப்பு கிளம்பியது. அவர் காரணம் சொல்லவில்லை.

கடைசி ஆளாக வந்து மண்டியிட்ட தையல்காரர், அத்தனை பேரும் வாய் வைத்த கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி, சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.