லைனுக்கு ஒரு பாஸ்

"ஏழாவது தடவை!" என்றாள் பட்டன் பெண்.

தையல் மெஷின்களின் சத்தத்தில் அது பக்கத்து ஸ்டூல் பாக்கெட் அக்காவுக்கு மட்டும்தான் கேட்டது. அவள் தலையைத் தூக்கவில்லை.

"என்ன ஏழு?"

"காலர் அக்கா பாத்ரூம் போறது. மணி பதினொண்ணுதான் ஆகுது. எண்ணிக்கிட்டேதான் இருக்கேன்."

"நீ பட்டனை எண்ணுடி. அதுக்குத்தான் உன்னை வச்சிருக்காங்க."

அந்தத் தொழிற்சாலையில் சட்டையின் எந்தப் பாகத்தைத் தைக்கிறார்களோ அதுதான் அவர்களுக்குப் பேர். எட்டுப் பெண்கள் ஒரு லைன். லைனுக்கு ஒரு பாஸ். உள்ளங்கை அகல மரத்துண்டு, தூணில் ஓர் ஆணியில் தொங்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பாத்ரூம் போகலாம். சாப்பாட்டு மணிக்குள் ஆளுக்கு மூன்று தடவை. நாலாவது தடவை போனவள் மறுநாள் வேலைக்கு வர வேண்டியதில்லை.

யார் எத்தனை தடவை என்று நோட்டில் எழுதுவது லைன் மேடம். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பது போல ஒரு முகம். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவள் 'சிடுமூஞ்சி'.

பட்டன் பெண் சேர்ந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. காலையிலிருந்து காலி ஆணியைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு அடிவயிறு வலித்தது.

காலர் அக்கா வந்தாள். முகமெல்லாம் ஈரம், முன்நெற்றி முடியில் தண்ணீர் சொட்டியது. இடுப்போடு அணைத்தபடி ஒரு துணிப்பை. பாஸை ஆணியில் மாட்டினாள். பட்டன் பெண் கையிலிருந்த சட்டையைக் கீழே வைப்பதற்குள் சட்டைக் கை தைக்கும் கை அக்கா பாஸைக் கொத்திக்கொண்டு போய்விட்டாள்.

"பாத்தீங்களா? குளிச்சு முழுகிட்டு வராங்க! இவங்க ஒருத்தருக்காக மத்தவங்க அடக்கிக்கிட்டு உக்காரணுமா? நீங்க யாரும் கேக்க மாட்டீங்களா?"

"கேக்க மாட்டோம். நீயும் கேக்காதே."

அவளை உசுப்பிவிட அது போதாதா? கை அக்கா திரும்பி வருவதற்குள் பட்டன் பெண் மேனேஜர் அறையில் நின்றாள்.

"எட்டு மணியிலேருந்து நான் ஒரு தடவைகூடப் போகல சார். காலர் அக்கா ஏழு தடவை போறாங்க. இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்க."

மேனேஜர் காதில் நியாயம் விழவில்லை, ஏழு விழுந்தது. ஐந்தே நிமிடத்தில் லைனுக்கு வந்துவிட்டார். மெஷின்கள் நின்றன.

"எல்லாரும் எந்திரிங்க. மேடம், அந்த நோட்டைக் குடுங்க."

ஏழு பேர் எழுந்தார்கள். காலர் அக்கா எழவில்லை.

"உங்களுக்குத் தனியா சொல்லணுமா?"

"ஊசியில துணி மாட்டிக்கிச்சு சார். கையை எடுத்தா கிழிஞ்சிரும்" என்றாள் சிடுமூஞ்சி, முந்திக்கொண்டு.

பாக்கெட் அக்கா ஓர் எட்டு நகர்ந்து காலர் அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அதற்கு முந்தின நொடியில் பட்டன் பெண் பார்த்துவிட்டாள். வெளிர் நீல யூனிபாரத்தில், ஸ்டூல் விளிம்பு வரைக்கும் சிவப்பு.

"அக்கா, என்ன இது?" மேனேஜர் நோட்டைப் புரட்டும்போது அவள் பாக்கெட் அக்காவின் காதில் கிசுகிசுத்தாள்.

"தீட்டு நிக்கப்போற வயசுடி." பாக்கெட் அக்காவின் உதடு அசையவில்லை. "மூணு மாசம் எட்டிப் பாக்காது. வந்தா இப்படிக் கொட்டும். நடுநடுவுல உடம்பு அடுப்பு மாதிரி எரியும், ஓடிப்போய்த் தலையில தண்ணி தெளிச்சுக்கிட்டு வரா. பதினாறு வருஷமா இங்க உழைக்கிறவ."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்ட சொல்றதும் மைக்ல சொல்றதும் ஒண்ணுதானே?"

மேனேஜர் நோட்டைப் படித்தார். "காலர், மூணு. ஏழுன்னாளே இந்தப் பொண்ணு? பாக்கெட், ரெண்டு. நீங்க ரெண்டு தடவை போனீங்களா?"

"ஆமா சார். காலையில தண்ணி ஜாஸ்தி குடிச்சிட்டேன்."

காலையிலிருந்து அந்த அக்கா ஸ்டூலை விட்டு அசையவில்லை.

"பட்டன், ரெண்டு."

மூணும் ரெண்டும் ரெண்டும் ஏழு. கூட்டல் சரியாகத்தான் இருந்தது. பட்டன் பெண் திரும்பிப் பார்த்தாள். சிடுமூஞ்சி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விரல்கள் மட்டும் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடின.

"ஏம்மா, ஒரு தடவைகூடப் போகலன்னு சொன்ன. இங்க ரெண்டு எழுதியிருக்கு. நோட்டு பொய்யா, நீ பொய்யா?"

பிறந்ததிலிருந்து அவள் எந்த வாக்குவாதத்திலும் தோற்றதில்லை. பாதி நேரம் குரலை உயர்த்தியே ஜெயித்திருக்கிறாள். உண்மை முழுக்க முழுக்க அவள் பக்கம் இருந்தது இன்றைக்குத்தான்.

"நான்தான் பொய் சார்."

"எதுக்கு?"

"காலர் அக்கா மேல ஒரு கடுப்பு. அதான்."

"இன்னொரு தடவை இந்த மாதிரி வந்து நின்னே, வெளியே போக வேண்டியதுதான்." நோட்டைச் சிடுமூஞ்சியிடம் வீசிவிட்டு அவர் போய்விட்டார்.

மெஷின்கள் மறுபடி ஓடின.

பட்டன் பெண் வயிற்றை எக்கிக்கொண்டு எழுந்தாள். வெட்டுத்துணிக் கூடையிலிருந்து ஒரு நீளத் துண்டை உருவிக் காலர் அக்காவின் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். ஆணியிலிருந்து பாஸை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

சிடுமூஞ்சி நோட்டைத் திறந்தாள். அதே முகம்.

"யார் பேர்ல எழுத?"

"என் பேர்லதான் மேடம். எனக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கே."