அரை நிமிடம்

காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்த ததேயுஸ், ஹெட்போனை மாட்டிக்கொண்டு செல்போனில் ஃபுட்பால் லைவ் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி அஜிதாவிடம் ஏற்கெனவே ஒரு பந்தயம் தோற்று, ஒரு கிண்ணம் சின்ன வெங்காயம் உரித்தாயிற்று.

அடுக்களையிலிருந்து வந்த அஜிதா ஹெட்போனை விலக்கினாள். "இப்ப என்ன?"

"பெனால்டி கெடச்சிருக்குட்டி! கண்டிப்பா கோலு."

"விழாது. பந்தயமா?"

"ஃபுட்பாலப் பத்தி ஒனக்கு என்னட்டி தெரியும்?"

"நீங்க தோத்தா, ராப்பகலா போன்ல காசு வச்சுப் பந்தயம் கெட்டுதியளே, அந்த ஆப்ப அழிச்சிரணும். நான் தோத்தா ஒரு மாசம் நெய்மீன் கறி."

"சரிட்டி!"

பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பேயறைந்தவன்போல் ஆப்பை அழித்தான் ததேயுஸ்.

அஜிதா அடுக்களைக்குத் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே, கோவில் மைதானத்தில், அவன் போனில் பார்க்கும் அதே திருவிழா மேட்ச் நடந்துகொண்டிருந்தது. அங்கே நடப்பது அவன் போனுக்கு வந்துசேர அரை நிமிடம் ஆகும். ஊர் அணி ஒரு கோல் போட்டுக் குதித்தது.

ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு ஓடிவந்து ஹெட்போனை விலக்கினாள்.

"ஏங்க, இப்ப நம்ம ஊருக்கு ஒரு கோலு விழும். பூடு உரிக்கதுக்குப் பந்தயமா?"