ஒரே ஒரு ஸ்பிரிங்

ரிமினி கடற்கரையில் குடை நிழலில் படுத்தபடி குவால்தியேரோ போனில் எகிறினார்.

"ஸ்போர்ட்ஸ் கார் புக் பண்ணி பதினாலு மாசம் ஆச்சும்மா! இன்னும் என்ன குறை?"

ஷோரூம் ஓர்னெல்லா பொறுமையாகச் சொன்னாள். "எல்லாம் ரெடி சார். கதவுக்கு ஒரே ஒரு ஸ்பிரிங்தான் வரணும். அந்தப் பட்டறை ஆகஸ்ட் முழுக்க லீவாம்."

"வேலையைப் போட்டுட்டு ஒரு மாசம் ஊர் சுத்துறானா? எவன் அந்தச் சோம்பேறி? லைனைப் போட்டுக் குடும்மா, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கிறேன்!"

லைன் கிடைத்தது. ஸ்பீக்கரில் பதிவுக் குரல் ஒலித்தது.

"பட்டறை செப்டம்பர்லதான் திறக்கும். அப்படி என்ன தலைபோற அவசரம்? நீங்களும் கடலுக்குக் கிளம்புங்க!"

பக்கத்தில் படுத்திருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"ஏங்க, இது நம்ம பட்டறை போன்ல நீங்க பேசிப் பதிவு பண்ணி வச்சதாச்சே?"