கீறல் படாத உடுப்பு

நோர்வினின் ஆரஞ்சு உடுப்பில் ஒரு கீறல்கூட இல்லை. முன்னும் பின்னும் திரும்பித் திரும்பிக் காட்டினான்.

"ஆறு வருஷமா இந்த எரிமலையில சறுக்குறேன். ஒரு தடவ உருண்டிருந்தாலும் இந்தக் கல்லு துணிய நார்நாராக் கிழிச்சிருக்கும். எங்கயாவது ஓட்டை தெரியுதா?"

தாமாரிஸ் அவன் முழங்கையை விரலால் தடவிப் பார்த்தாள். "தெரியாதுங்க" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

செர்ரோ நெக்ரோ எரிமலையின் உச்சியில் கந்தகப் புகை மூக்கைத் துளைத்தது. இங்கே கரிமண் சரிவில் பலகைமேல் உட்கார்ந்து சறுக்கப் பயணிகளை அழைத்து வரும் வழிகாட்டி வேலையில் இதுவரை ஒரு பெண்கூட இல்லை. எங்கெங்கிருந்தோ வருபவர்கள் எல்லாம் சறுக்கும்போது, இந்த மலையைப் பார்த்தே வளர்ந்த தனக்கு மட்டும் ஏன் இடமில்லை என்று அவளுக்கு நெடுநாள் கோபம். நாற்பத்தொரு வயதில் நேராக வந்து வேலை கேட்டுவிட்டாள்.

விழாமல் இறங்கினால் வேலை, விழுந்தால் வீடு. தலைமை வழிகாட்டி நோர்வின் போட்ட நிபந்தனை அது.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலம்மா. வீட்ல சோறும் பீன்ஸும் கிண்டிக்கிட்டு இருக்கலாம்ல?"

"அதக் காலையிலயே கிண்டி வச்சிட்டுத்தான் வந்தேன்."

பலகையில் உட்கார்ந்து கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். "குதிகால ஊனுங்க, வேகம் கொறையும்!" என்று அவன் கத்தினான். அவள் ஊன்றவில்லை.

முக்கால் மலை வரை அம்பாகப் போனாள். அப்புறம் பலகை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நாலு உருளல்.

அடிவாரத்தில் நின்ற வழிகாட்டிகள் தூக்கிவிட ஓடி வந்தார்கள். அவள் அவர்கள் கையைத் தட்டிவிட்டுத் தானே எழுந்தாள். அவள் போட்டிருந்த உடுப்பின் முழங்கையும் பின்பக்கமும் கிழிந்து தொங்கின.

பின்னாலேயே குதிகாலை ஊன்றி ஊன்றி இறங்கி வந்த நோர்வின், எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தான். "விழுந்தவங்களுக்கு இங்க வேலை கிடையாதும்மா. உடுப்பப் பாருங்க, கந்தல்!"

கூட்டமும் சிரித்தது. தாமாரிஸ் வாயிலிருந்த கரிமண்ணைத் துப்பினாள்.

"கந்தல்தான். வெள்ளிக்கிழம தச்சுக்கறேன்."

"அதென்ன வெள்ளிக்கிழம?"

"அன்னிக்குத்தான வாராவாரம் உங்க வீட்டம்மா உங்க கிழிஞ்ச உடுப்ப எங்கிட்டத் தைக்கக் கொண்டாறாங்க!"